ஆயரை வரவேற்பதும் ஆயருக்கு விடைகொடுப்பதும்: பங்கு மக்கள் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு கத்தோலிக்க மறைமாவட்டத்தின் ஆயர் (பிஷப்) ஓய்வு பெற்று, புதியவர் வரப்போகிறார் என்றதும் பங்குப் பேரவையிலும், அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்திலும் கேள்விகள் கிளம்பிவிடும். எப்போது மாலை வாங்குவது என்பதில் தொடங்கி, பழைய ஆயர் இனி எங்கே இருப்பார் என்பது வரை கேட்பார்கள். இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த மறைமாவட்டங்களை மனதில் வைத்து, அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதில் சட்டமும் உண்டு, என் சொந்தக் கருத்தும் உண்டு. எது சட்டம், எது கருத்து என்பதைப் படிக்கும்போதே தெரிந்துகொள்ளலாம்.

75 வயது ஆனதும் ஆயர் பதவி தானாக முடிந்துவிடுமா?

இல்லை. 75 வயது நிறைந்ததும் ஆயர் தம் பணிவிலகல் கடிதத்தைத் திருத்தந்தையிடம் கொடுக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 401 கேட்டுக்கொள்கிறது. கடிதம் கொடுத்த அன்றே அவர் இறங்கிவிடுவதில்லை. திருத்தந்தை அதை ஏற்றுக்கொள்ளும் வரை அவர்தான் நம் ஆயர். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம், ஓராண்டைத் தாண்டியும் போகலாம். உடல்நலம் சரியில்லை என்றால் 75க்கு முன்பே கடிதம் கொடுக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது.

இந்த வயது வரம்பு ரொம்பப் பழையதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்தபின் 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கொண்டுவந்தது. அதற்கு முன்பு பெரும்பாலான ஆயர்கள் இறக்கும்வரை ஆயராகவே இருந்தார்கள். நம் தாத்தா பாட்டிகள் ஆயரின் அடக்கத் திருப்பலிக்குப் போயிருப்பார்கள், பிரியாவிடைக்குப் போயிருக்க மாட்டார்கள். உயிரோடு இருக்கும் ஆயரை வழியனுப்புவது இரண்டு தலைமுறைப் பழக்கம்தான். அதனால்தான் இதை எப்படிச் செய்வது என்ற தயக்கம் இன்னும் இருக்கிறது.

2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் இதைப் பற்றியே ஒரு மடல் எழுதினார். விடைபெறக் கற்றுக்கொள்வது என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். ஓய்வு பெறப்போகிறவர் இறைவன் முன்னிலையில் தம்மைத் தயாரித்துக்கொள்ள வேண்டும், நான் இல்லாவிட்டால் நடக்காது என்ற எண்ணத்தைக் கழற்றிவிட வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார். ஆயருக்குச் சொன்னது அது. விடைகொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை நமக்கு இருக்கிறது.

புதிய ஆயரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

திருத்தந்தை. ஆனால் அதற்கு முன் ஒரு நீண்ட விசாரணை நடக்கும். ஒரு திருச்சபை மாநிலத்து (ஒரு பேராயரைத் தலைவராகக் கொண்ட மறைமாவட்டங்களின் தொகுதி) ஆயர்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஆயராகத் தகுதியுள்ள குருக்களின் பட்டியலைப் பேசி முடிவு செய்து உரோமைக்கு அனுப்புகிறார்கள். இடம் காலியாகும்போது டெல்லியில் இருக்கும் திருத்தந்தையின் தூதர் ஆயர்களிடமும் மறைமாவட்ட ஆலோசகர் குழுவில் உள்ள குருக்களிடமும் கருத்துக் கேட்பார். தேவைப்பட்டால் மற்ற குருக்கள், துறவியர், பொதுநிலையினர் சிலரிடமும் தனித்தனியாகக் கேட்பார். மூன்று பெயர்கள் உரோமைக்குப் போகும். நம் இலத்தீன் மறைமாவட்டங்கள் அங்கே நற்செய்தி அறிவிப்புத் துறையின் கீழ் வருகின்றன. அந்த மூன்று பெயருக்கு வெளியே உள்ள ஒருவரைக்கூட திருத்தந்தை நியமிக்கலாம்.

இப்படிக் கருத்துக் கேட்கும் கேள்வித்தாள் உங்களுக்கே வந்தால் அதைப் பற்றி வீட்டில்கூடப் பேசக் கூடாது. அந்த இரகசியம் கட்டாயமானது.

நியமனச் செய்தி எப்போது, எப்படி வரும்?

வழக்கமாக உரோமையில் நண்பகல் 12 மணிக்கு வெளியாகும். அங்கே கோடைக்கால நேரம் நடந்தால் நமக்கு மாலை 3.30, குளிர்காலம் என்றால் 4.30. அந்த நேரத்துக்கு ஆயர் இல்லத்திலோ பேராலயத்திலோ குருக்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார்கள். கடிதம் வாசிக்கப்படும், கைதட்டல் எழும், மணி அடிக்கும்.

அந்த மணி அடிப்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் சுற்றும் எந்தப் பெயரையும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். வதந்தியில் அடிபட்டு நியமனம் கிடைக்காத ஒரு குரு, அடுத்த ஞாயிறு நம் பங்கில்தான் திருப்பலி வைக்க வேண்டும்.

ஒருவர் போய் இன்னொருவர் வரும்வரை யார் பொறுப்பு?

பல நேரங்களில் பணிவிலகலை ஏற்பதும் புதிய நியமனமும் ஒரே நாளில் அறிவிக்கப்படும். அப்போது ஓய்வு பெறுபவரையே, புதியவர் பொறுப்பேற்கும் வரை நிர்வாகியாக இருக்கச் சொல்வதும் உண்டு. சில நேரம் இடைவெளி நீளும். வேலூர் 2020 முதல் 2022 வரையும், சிவகங்கை 2020 முதல் 2023 வரையும் ஆயர் இல்லாமல் இருந்தன. 2014இல் கோட்டாற்றிலிருந்து பிரிந்து உருவான குழித்துறை, தன் முதல் ஆயர் 2020இல் விலகிய பின் 2024 வரை காத்திருந்தது.

இப்படி இருக்கும்போது திருத்தந்தை ஒரு திருத்தூது நிர்வாகியை நியமிப்பார். இல்லையென்றால் ஆலோசகர் குழு எட்டு நாளுக்குள் ஒரு குருவை நிர்வாகியாகத் தேர்ந்தெடுக்கும். இடம் காலியாக இருக்கும்போது புதிதாக எதையும் மாற்றக் கூடாது என்பது சட்டம். “எங்கள் பங்கைப் பிரித்துக் கொடுங்கள்” என்று மனு எழுதி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும்.

திருப்பலியின் நற்கருணை மன்றாட்டில் “எங்கள் ஆயர்” என்று எந்த நாளிலிருந்து புதியவர் பெயரைச் சொல்வது?

அவர் மறைமாவட்டப் பொறுப்பை ஏற்ற நாளிலிருந்து. நியமனம் வந்த நாளிலிருந்து அல்ல. இடைப்பட்ட காலத்தில் விசுவாசிகள் மன்றாட்டில் அவருக்காகத் தாராளமாகச் செபிக்கலாம்.

ஆயர் திருநிலைப்பாட்டில், அதாவது ஒரு குருவை ஆயராக்கும் சடங்கில், என்ன நடக்கிறது? தூரத்தில் பந்தலில் உட்கார்ந்தால் ஒன்றும் புரிவதில்லையே.

உண்மைதான். ஆயிரக்கணக்கானோர் திரளும் மைதானத்தில் பின்வரிசைக்குத் திரையில் தெரிவதுதான் காட்சி. அதனால் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

நற்செய்தி வாசகம் முடிந்ததும் தூய ஆவியாரை அழைக்கும் பாடல். பிறகு நியமனம் பெற்றவரை முன்னால் கொண்டுவந்து, திருத்தந்தையின் நியமன மடலை எல்லாரும் கேட்க வாசிப்பார்கள். மறையுரை. அடுத்து அவரிடம் வரிசையாகக் கேள்விகள்: நற்செய்தியைப் பிரமாணிக்கமாக அறிவிப்பீரா, ஏழைகளுக்கும் அந்நியருக்கும் இரக்கம் காட்டுவீரா, வழிதவறிய ஆடுகளைத் தேடிப் போவீரா. ஒவ்வொன்றுக்கும் அவர் தம் வாயால் பதில் சொல்ல வேண்டும். இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். பின்னால் எதற்காவது அவரிடம் போய் நிற்கும்போது, அவர் நம் முன்னால் கொடுத்த வாக்கு இது.

அப்புறம் அவர் தரையில் முகங்குப்புற விழுந்து கிடப்பார். எல்லாப் புனிதர்களையும் அழைத்து மன்றாட்டுமாலை பாடப்படும். எழுந்து மண்டியிட்டதும் முதன்மைத் திருநிலைப்படுத்துநர் ஒன்றும் பேசாமல் அவர் தலைமேல் இரு கைகளையும் வைக்கிறார். குறைந்தது மூன்று ஆயர்கள் சேர்ந்து திருநிலைப்படுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் வந்திருக்கும் ஆயர்கள் எல்லாரும் ஒருவர்பின் ஒருவராக வந்து கைவைப்பார்கள். இந்த நேரம் முழுவதும் மௌனம். பாடகர் குழுவும் ஒலிபெருக்கி வர்ணனை செய்பவரும் இங்கே வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் அது போய்ச் சேரும்.

அதன்பின் இரண்டு திருத்தொண்டர்கள் நற்செய்தி நூலை விரித்து அவர் தலைக்கு மேலே கூரைபோலப் பிடிப்பார்கள். அந்த நூலின் கீழே மண்டியிட்டபடிதான் திருநிலைப்பாட்டு மன்றாட்டை அவர் பெறுகிறார். பிறகு கிறிஸ்மா தைலம். குருவாகும்போது உள்ளங்கையில் பூசியது, ஆயராகும்போது தலையில் ஊற்றப்படுகிறது. எண்ணெய் நெற்றிக்கு வழிய, துண்டு ஒன்று கையில் வரும். முன்வரிசையில் அவருடைய அம்மா இருந்தால், கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்புவது இந்த நேரத்தில்தான்.

கடைசியாக நற்செய்தி நூல், மோதிரம், மைட்டர் என்கிற கூர்முடி, செங்கோல். தம் சொந்தப் பேராலயத்தில் திருநிலைப்பாடு நடந்தால் அவரை ஆயர் இருக்கையில் அமர்த்துவார்கள். மற்ற ஆயர்கள் வந்து சமாதான முத்தம் கொடுப்பார்கள். நற்கருணைக்குப் பின் நன்றிப் பாடல் பாடும்போது புதிய ஆயர் மக்கள் நடுவே நடந்து ஆசி கொடுப்பார். நெரிசல் வருவதும் அப்போதுதான். தன்னார்வலர்களை வாசலில் மட்டும் நிறுத்தாமல் நடைபாதை நெடுக நிறுத்துங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும் முதியவர்களையும் நடைபாதை ஓரம் உட்கார வைத்தால், அவர் போகிற போக்கில் அவர்களைத் தொட்டுவிட்டுப் போக முடியும்.

ஏற்கெனவே வேறு மறைமாவட்டத்தில் ஆயராக இருப்பவர் வந்தால்?

மறுபடியும் திருநிலைப்பாடு கிடையாது, பணியேற்பு மட்டும். பேராலய வாசலில் பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்) அவர் முத்தமிடுவார், தீர்த்தம் தெளிப்பார், நற்கருணை முன் மண்டியிட்டுச் செபிப்பார். மறைமாவட்ட ஆவணங்களுக்குப் பொறுப்பான வேந்தர் முன்னிலையில் ஆலோசகர் குழுவிடம் நியமன மடலைக் காட்டுவதோடு பொறுப்பு அவர் கைக்கு வருகிறது. ஏற்கெனவே ஆயராக இருப்பவர் மடல் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் பொறுப்பேற்க வேண்டும். புதிதாக ஆயராகிறவருக்கு நான்கு மாதம், அதில் திருநிலைப்பாடு மூன்று மாதத்துக்குள். மண்டபம், பந்தல், சமையல் எல்லாவற்றுக்கும் இந்தக் கெடுதான் கணக்கு.

ஓய்வு பெறும் ஆயருக்கான நன்றி விழாவைத் தனியாக வைக்கலாமா, வரவேற்போடு சேர்த்து வைக்கலாமா?

தனியாக. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டையும் ஒரே மேடையில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மதியம் ஒரு மணிக்குப் பசியோடு இருக்கும் கூட்டம், புதியவருக்கு மாலைபோட வரிசையில் நிற்கும் நூறு பேர், நடுவே பழைய ஆயரின் பதினைந்து, இருபது ஆண்டு உழைப்புக்கு ஐந்து நிமிடம். அவர் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். நமக்குத்தான் அது குறை.

நன்றித் திருப்பலியைப் பணியேற்புக்குச் சில நாட்கள் முன்பே வைத்துவிடுங்கள். ஆயராக அவர் கடைசியாகப் பேராலயப் பீடத்தில் நிற்கட்டும். அவர் உறுதிபூசுதல் கொடுத்த பிள்ளைகள், திருநிலைப்படுத்திய குருக்கள், அவர் காலத்தில் தொடங்கிய பள்ளியின் ஆசிரியர்கள் வரட்டும். அவர்களோடு ஆயர் இல்லத்துச் சமையல்காரர், ஓட்டுநர், தோட்டக்காரர், அலுவலகப் பணியாளர் ஆகியோரையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். நான் பார்த்த ஒரு நன்றி விழாவில் ஆயர் கண்கலங்கியது அமைச்சர் பேசியபோது அல்ல. அவருக்கு ஆண்டுக்கணக்கில் கார் ஓட்டியவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, இரவு எத்தனை மணிக்கு நோயாளி வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் “வண்டியை எடுப்பா” என்பார் என்று சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் நின்றபோது.

வரவேற்பு நாளில் பழைய ஆயருக்கு வேலை இல்லையா என்றால், இருக்கிறது. பல இடங்களில் அவரே திருநிலைப்படுத்துபவராகவோ உடன் திருநிலைப்படுத்துபவராகவோ இருப்பார். முதன்மைத் திருநிலைப்படுத்துநர் அவரென்றால், செங்கோலைப் புதியவர் கையில் கொடுப்பது அவர்தான். ஒரு மறைமாவட்டம் கைமாறுவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எந்தப் பேச்சாலும் முடியாது. அந்த நேரத்தில் புகைப்படக்காரர்கள் பீடத்தைச் சுற்றி வளைத்து மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெறுபவருக்கு என்ன பரிசு கொடுக்கலாம்?

பெரிய நினைவுக்கேடயம் வேண்டாம். அவர் போகப்போவது பெரும்பாலும் ஒற்றை அறைக்கு. ஒவ்வொரு பங்கிலிருந்தும் ஒரு பக்கம் கையால் எழுதி, அவர் அந்தப் பங்குக்கு வந்தபோது எடுத்த ஒரு படத்தை ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கட்டிக் கொடுங்கள். சிறுவர்கள் எழுதிய கடிதங்கள் அதில் இருந்தால் இன்னும் நல்லது. பணம் சேர்த்தால், அவர் பெயரில் ஒரு கல்வி உதவி நிதியாக வைக்கலாம்.

அவருடைய பராமரிப்பு நம் தயவில் இருப்பதில்லை. ஓய்வு பெற்ற ஆயருக்குத் தகுந்த வாழ்வாதாரம் கொடுக்கும் முதல் கடமை அவர் பணிசெய்த மறைமாவட்டத்துடையது என்று சட்டம் 402 சொல்கிறது. அது கடமை, அன்பளிப்பு வேறு.

கட்-அவுட், பட்டாசு, பேண்டு, பொன்னாடை எல்லாம் வேண்டுமா?

ஊர்வலம் வையுங்கள். எல்லையில் நின்று வரவேற்பது நம் ஊர் மரியாதை. பறை, சிலம்பம், முத்துக்குடை, சிறுவர் கையில் கொடி எல்லாம் அழகுதான். சாலையை மறித்துக் கட்டும் பேனர் மட்டும் வேண்டாம். 2019இல் சென்னையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிர் போனதை நாம் மறந்திருக்க முடியாது. ஆயர் முகம் இருபது அடியில் தெரிந்தால்தான் மரியாதை என்று எந்த ஆயரும் நினைப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பொன்னாடைக்குப் பதிலாக வேட்டி, சேலை, துண்டு, நோட்டுப் புத்தகம் கொண்டுவரச் சொல்லலாம். முதியோர் இல்லத்துக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும் போய்விடும். சில இடங்களில் இதை அழைப்பிதழிலேயே அச்சிடுகிறார்கள். நல்ல வழக்கம்.

வாழ்த்துரைகளை எப்படிக் கட்டுப்படுத்துவது?

ஆளைக் குறையுங்கள். குருக்கள் சார்பில் ஒருவர், துறவியர் சார்பில் ஒருவர், பொதுநிலையினர் சார்பில் ஒரு பெண்ணும் ஓர் இளைஞரும், பிற சமயத்தவர் ஒருவர். போதும். அரசியல் பிரமுகர்களை மரியாதையாக முன்வரிசையில் உட்கார வைக்கலாம்.

“நம்ம ஆளு ஆயராகிவிட்டார்” என்று கொண்டாடுவது தவறா?

எந்த அர்த்தத்தில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயராக பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் வந்தார். நவீன காலத்தில் இலத்தீன் முறையில் மறைமாவட்ட ஆயரான முதல் இந்தியர் அவர். தலைமுறை தலைமுறையாக ஐரோப்பிய ஆயர்களையே பார்த்த மக்கள் அன்று பெருமைப்பட்டதில் முழு நியாயம் இருந்தது.

சாதிப் பெயரை மனதில் வைத்து “நம்ம ஆளு” என்பது வேறு. அதைக் கொண்டாட்டமாக்கி, மற்றவர்கள் ஓரமாக நிற்கும்படி செய்தால் வரவேற்பே காயமாகிவிடும். அதே நேரம், தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும் பகுதியினராக இருக்கும் தலித் மக்கள், ஆயர்களில் எங்கள் பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பதைச் சாதி பேசுவதாகத் தள்ளக் கூடாது. அது நீதி கேட்கும் குரல். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் தலித் மக்களுக்கான கொள்கையை வெளியிட்டது. 2022இல் ஹைதராபாத் பேராயர் அந்தோனி பூலா கர்தினாலானபோது, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால் என்று எங்கும் மகிழ்ந்தார்கள். மறுக்கப்பட்டவருக்கு இடம் கிடைத்த மகிழ்ச்சியையும், ஏற்கெனவே இடம் உள்ளவர் காட்டும் பலத்தையும் ஒன்றாகப் பார்க்க என்னால் முடியாது.

ஆயரிடம் எப்படிப் பேசுவது? மோதிரத்தை முத்தமிட வேண்டுமா?

பேச்சில் “ஆண்டகை” அல்லது “ஆயர் அவர்களே”. அழைப்பிதழில் “மேதகு ஆயர்”. மோதிரத்தை முத்தமிடுவது பழைய வழக்கம், கட்டாயமில்லை. கைகூப்பி வணங்கினால் போதும். சி.எஸ்.ஐ. சபைகளில் ஆயரையே “பேராயர்” என்கிறார்கள். நம்மிடம் அது உயர்மறைமாவட்டத் தலைவருக்கு. பிற சபையினரை அழைக்கும்போது பெயர்ப்பலகையில் கவனம்.

கன்னியாகுமரியில் எல்லாக் கத்தோலிக்க ஆயர்களுக்கும் இதே முறைதானா?

இல்லை. தக்கலை சீரோ மலபார் முறை, மார்த்தாண்டம் சீரோ மலங்கரா முறை. அவர்களுக்குத் தனி ஆயர் மாமன்றமும் தனிச் சடங்குகளும் உண்டு.

ஓய்வு பெற்ற ஆயர் இனி எங்கே இருப்பார்? அவரை எங்கள் விழாவுக்கு அழைக்கலாமா?

விரும்பினால் அதே மறைமாவட்டத்திலேயே தங்கலாம். அந்த மறைமாவட்டத்தின் மேனாள் ஆயர் என்ற பெயர் அவருக்கு உண்டு. ஆட்சி அதிகாரம் இல்லை, ஆனால் ஆயர் நிலை போகாது. திருப்பலி நிறைவேற்றலாம், ஒப்புரவு அருளடையாளம் கொடுக்கலாம். உறுதிபூசுதலுக்கு அவரை அழைப்பதென்றால் முதலில் இப்போதைய ஆயரிடம் கேளுங்கள். இப்போதைய ஆயருக்குத் தெரியாமல் மேனாள் ஆயரை நேராகப் போய்க் கூட்டிவருவது இருவருக்குமே சங்கடம். குரு மாற்றம், நிலத் தகராறு, பள்ளி வேலை போன்ற எதற்கும் மேனாள் ஆயரிடம் சிபாரிசுக்குப் போகாதீர்கள். காலமானால், மற்ற மறைமாவட்ட ஆயர்களைப் போலவே பேராலயத்துக்குள் அடக்கம் செய்யவும் சட்டம் அனுமதிக்கிறது.

அவரைப் பார்க்கப் போகலாமா?

கட்டாயம் போங்கள். முதல் மாதம் கூட்டம் வரும், ஆறாவது மாதம் யாரும் வர மாட்டார்கள். ஆறாவது மாதம் போங்கள். முன்னால் போன் செய்துவிட்டு, மாலை நாலரை மணிவாக்கில், இரண்டு மூன்று பேராக. சர்க்கரை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பழம் வாங்குங்கள். அவர் பிறந்தநாளும் திருநிலைப்பாட்டு நாளும் மறைமாவட்ட நாட்காட்டியில் இருக்கும். அந்த நாளில் பங்குத் திருப்பலியை அவருக்காக ஒப்புக்கொடுக்கச் சொல்லி, செய்தியை அவருக்கும் தெரிவித்துவிடுங்கள்.